ரெண்டு தட்டு

சிரிப்பு நிச்சயம் உண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற சிரிப்பு, ஆனால் இப்போது கிடையாது, உள்ளே டாக்டரம்மாவின் மேசைமேல் அப்பாவின் போனை வைத்து அழுத்தும்போதுதான் அது வெடிக்கும், அதுவரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு உபதேசியார் மகள் மாதிரி அடக்கமாக இருக்க வேண்டும் என்று டெல்பினா காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு கட்டியிருந்தாள். முடிவு கட்டுவது சுலபம், வாய் கேட்க வேண்டுமே. ஒரே கம்பியில் கோத்த நீல நாற்காலி வரிசை, ஒருத்தர் காலை ஆட்டினால் வரிசையே ஆடியது, டெட்டால் வாடைக்கு நடுவில் யாரோ பிரித்த காராச்சேவு வாடை, கதவோரம் நின்று பேர் கூப்பிடுகிற சிஸ்டருக்குப் பாதிக் குரல் மூக்கில், மீதி தொண்டையில், "அடுத்தூ... பிரகாசீ...", கடைசி எழுத்தை மட்டும் மாடிக்கு ஏற்றி அங்கேயே விட்டுவிட்டு வருகிற குரல், வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அது டெல்பினாவின் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எந்தக் குரலும் அவளுக்கு அப்படித்தான், பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் வாய்க்குள் ஒரு ஊரே வாடகை இல்லாமல் குடியிருந்தது, மீன்காரி லில்லி, பள்ளிக்கூடத்து பி.டி. சார், ரிவர்ஸில் வருகிற தண்ணி லாரி, கோயில் மைக்கில் இருமிவிட்டுத் தொடங்குகிற கோயில்பிள்ளை, எல்லாரையும் விட மேலாக அப்பா. அவள் வாயில் அப்பா வந்தால் பிள்ளைகள் பெஞ்சில் விழுந்து சிரிப்பார்கள். இன்னாசி, ஊருக்குள் ஓடுகிற மினிபஸ்ஸின் கண்டக்டர், விசில் கிடையாது, வண்டியின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும், ரெண்டு தட்டினால் புறப்படும், அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து, பேசிக்கொண்டே இருக்கும்போது கதவிலோ சோத்துப் பானையிலோ டக் டக், "எட்டி டெல்பி, அந்தத் துண்ட எடு, (டக் டக்) குளிச்சிட்டு வாரேன்." அப்பாவைச் செய்து காட்ட வேண்டுமென்றால் குரல்கூட ரெண்டாம்பட்சம், நடுவில் அந்த ரெண்டு தட்டைப் போட்டுவிட்டால் போதும், வகுப்பே "போலாம் ரைட்" என்று கத்தும்.

போன தடவை வந்தபோது டாக்டரம்மா சொன்னதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. தலை சுத்துது என்று அப்பா வந்திருந்தார், எப்போ சுத்துச்சு, நின்னப்பவா நடந்தப்பவா, அன்னைக்கு சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று அவர்கள் கேட்க, அப்பா எல்லாவற்றுக்கும் "அது பாத்தீங்கன்னா" என்று தலையைச் சொறிந்திருக்கிறார். "தினமும் எழுதி வைங்க. உங்க உடம்பு உங்ககிட்ட சொல்றத நீங்க எழுதலேன்னா நான் எத வச்சு மருந்து கொடுக்க?" "டிக்கெட்டு கிழிக்கிற கைம்மா இது, எழுதுறதுக்கு மடங்காது." "அப்ப போன்ல பேசி வைங்க, அடுத்த தடவ கொண்டாங்க, நான் கேட்டுக்கிடுதேன்." இதை வீட்டில் வந்து அப்பா சொன்ன அந்த நிமிஷமே டெல்பினாவின் உள்ளங்கால் அரித்தது. தினம் சாயந்திரம் அப்பா பின்பக்கம் குளிக்கிற இடத்துக்குப் போய்ப் போனில் பேசி வைப்பார், "இன்னைக்கு நல்லாருக்கேன் டாக்டர், தலைசுத்து ஒண்ணும் இல்ல", அவ்வளவுதான், உப்புச்சப்பு இல்லாத கஞ்சி. இந்தக் கஞ்சிக்குத் தொட்டுக்கிட ஏதாவது வேண்டாமா? பாடம் அனுப்பியிருக்காங்க என்று போனை வாங்கி, போர்வைக்குள் போய், அப்பா குரலில் முதலில் பேசி வைத்தது ஒரு ஆட்டுச் சமாச்சாரம், "நான் கொட்டாவி விட்டா எதிர்வீட்டு ஆடு பதிலுக்குக் கத்துது டாக்டர், ஆட்டுக்கும் சேத்து மாத்திர எழுதுங்க", முடிவில் ஒரு மே, அசல் ஆடே அசந்து போகிற மே. அடுத்து, வலது காது மட்டும் இட்லி மாவு மாதிரிப் பொங்கி வருது. அதற்கு அடுத்து, முழங்காலுக்குள்ள யாரோ கொலுசு போட்டு நடக்கா. அப்புறம் பேராசை வந்தது. கோமாளித்தனத்தை யாரும் செய்வார்கள், சும்மா சாதாரணமாகப் பேசி அது அப்பாதான் என்று நம்பவைப்பதல்லவா கெட்டிக்காரத்தனம், "மத்தியானம் சில்லற எண்ணும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு டாக்டர்", "படியேறயில கால் மரத்துப் போச்சு", ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று, திரும்பப் போட்டுக் கேட்டால் அவளுக்கே முதுகு சிலிர்க்கும். அப்பா ஒரு நாளும் திரும்பப் போட்டுக் கேட்டதில்லை. பேசுவார், பைக்குள் போடுவார். அம்மா இன்றைக்கு, "எட்டி, நீயும் கூடப் போ, இந்த மனுசன் டாக்டர்ட்ட வாயத் தொறக்க மாட்டாரு, ஊர்ல எல்லாரும் சொகம்னு சொல்லிட்டு வந்துருவாரு" என்று விரட்டியபோது, பள்ளிக்கூடம் போகாமல் நல்ல பிள்ளையாகக் கிளம்பியது வேறு எதற்கு, ஆடு கத்தும்போது டாக்டரம்மாவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவுவதைப் பார்க்கத்தானே.

கண்ணாடி நழுவும், அப்பா முழிப்பார், அவள் மெதுவாக வாயைத் திறந்து நேரிலேயே ஒரு மே வைப்பாள் என்று ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா அவள் பக்கம் சாய்ந்து, ரகசியம் மாதிரி, "இதக் கேட்டுட்டுத்தான் மருந்த கூட்டவா குறைக்கவான்னு பாப்பாங்களாம், நல்லா இருக்காருன்னு இவங்க சீட்டுல எழுதித் தந்தாத்தான் வண்டியில ஏறலாம்னுட்டாரு முதலாளி, படியில நிக்கவன் தலசுத்தி விழுந்தா யாரு பதில் சொல்லன்னு கேக்காரு, அவர் கேக்கதும் நியாயந்தான" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து எதிர்ச்சுவரில் சிரிக்கிற குழந்தைப் படத்தைப் பார்த்தார். டெல்பினா அந்தப் படத்தைப் பார்த்தாள். குழந்தைக்குப் பல் இல்லை. மருந்தைக் கூட்ட. குறைக்க. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு டாக்டர். சொன்னது யார், அப்பா, அப்பாவின் போனில் அப்பாவின் குரலில், டாக்டரம்மா கையை விரிப்பார்கள், ஐயா நீங்க இனிமே படியில நிக்காதீங்க, சீட்டு கிடையாது, வண்டி கிடையாது, அப்பா வீட்டில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருப்பார், எந்த வண்டியும் புறப்படாது. அல்லது இல்லாத வியாதிக்கு ஒரு மாத்திரை, அது உள்ளே போய்த் தேடுமே, எங்கே இருட்டு, எங்கே மரத்துப்போன கால் என்று தேடி, ஒன்றும் அகப்படாமல் அதுவே ஒன்றை உண்டாக்கிவிட்டுப் போனால்? கால் தானாக ஆடத் தொடங்கி வரிசையே ஆட, அந்தக் கோடியில் காராச்சேவுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா திரும்பி, "பிள்ளைக்கு ஊசின்னா பயமா?" என்றாள். "ஆமாக்கா, எனக்குப் போடுற ஊசிக்கு" என்றார் அப்பா. "எப்பா, போனத் தாங்க, ஒரு நிமிசம், பாடம் அனுப்பியிருக்காங்க." கொடுத்தார். என்றைக்குத்தான் கொடுக்காமல் இருந்தார். காதில் இயர்போன் ஒயரைச் செருகினாள். ஆட்டை முதலில் அழித்துவிடலாமா, ஆடு கிடக்கட்டும், ஆட்டால் யாருக்கும் கேடில்லை, அந்தச் சாதாரணமானவைதான் வினை, அவை எங்கே, பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பதிவு, பதிவு, பதிவு, சில நாளில் ஒன்று, சில நாளில் ரெண்டு. அழுத்தினாள். "இன்னைக்கு லேசா தலவலி இருந்துச்சு டாக்டர், டீ குடிச்சதும் போயிருச்சு." இது யார்? அப்பாவா, அவளா? மறுபடி அழுத்தினாள். கண்ணை மூடிக் கேட்டாள். தலைவலி என்று தான் சொன்னதாக ஞாபகம் இல்லை, சொல்லவில்லை என்றும் ஞாபகம் இல்லை, டாக்டர் என்ற சொல்லை ர் என்று முடிக்கும்போது நாக்கு மடிகிறதே, அது அப்பாவின் மடிப்பா, அவள் மடித்த மடிப்பா, இவ்வளவு கெட்டிக்காரியாக இருந்து தொலைத்திருக்க வேண்டாம்.

கதவு திறந்து பிரகாசி என்ற கிழவர் வெளியே வந்தார், அடுத்தது அப்பா, சிஸ்டர் உள்ளே எதையோ எடுக்கத் திரும்பியிருந்தாள், அந்த ஒரு நொடி, வாய்க்கும் மூளைக்கும் நடுவில் எந்தப் பேச்சுவார்த்தையும் நடக்கவில்லை, கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு டெல்பினா கூப்பிட்டாள், "அடுத்தூ... சிவனணைஞ்சான் ஐயா வாங்கோ...", கடைசி எழுத்தை மாடிக்கு ஏற்றி அங்கேயே விட்டாள். முன்வரிசையில், கொஞ்சம் முன்னால் தன் பெயரைச் சிஸ்டரிடம் மூன்று தடவை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டு உட்கார்ந்த பெரியவர், தபக்கென்று எழுந்து, ஸ்கேன் பையைத் தூக்கிக்கொண்டு, சிஸ்டரை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே போய்விட்டார். "ஐயா, ஐயா, நான் கூப்பிடவே இல்லையே!" "கூப்பிட்டியேம்மா, எனக்கு வயிறுதான் சரியில்ல, காது ரெண்டும் வெங்கலமா இருக்கு." அதற்குள் உள்ளே உட்கார்ந்து அவர் தன் வயிற்றின் கதையைப் பிறந்ததிலிருந்து தொடங்கியிருப்பது கதவிடுக்கு வழியே கேட்டது, டாக்டரம்மாவும் "சரி, சொல்லுங்க" என்றுவிட்டார்கள். சிஸ்டர் வரிசை முழுவதையும் ஒரு முறை முறைத்தாள். அப்பா டெல்பினாவைப் பார்க்கவில்லை, மேலே ஃபேனைப் பார்த்தார், மீசைக்கு அடியில் ஏதோ துடித்தது, தெரிந்துவிட்டதோ, இல்லை, தெரிந்தால் தலையில் குட்டியிருப்பார். வேறு நாளாக இருந்தால் இதை ஒரு வாரத்துக்கு வைத்துத் தின்னலாம். இப்போது நேரம் கிடைத்தது, அவ்வளவுதான், வயிற்றின் கதை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம்.

அழுத்து. "நல்லாருக்கேன் டாக்டர்." அழுத்து. "மார்க்கெட்டுகிட்ட வரும்போது, (டக் டக்) லேசா ஒரு மாதிரி இருந்துச்சு." நில். டக் டக். இது அவள்! போர்வைக்குள் கட்டில் பலகையில் தட்டியது, பலகையின் சத்தம்கூட அடையாளம் தெரிகிறது. அடுத்ததையும் அழுத்தினாள், அதிலும் டக் டக், அதற்கடுத்து தலைவலி, தட்டு இல்லை, அது அப்பா, அதற்கடுத்து நல்லாருக்கேன், தட்டு இல்லை, அப்பா. அட, இதுக்குப் போயா பயந்தோம், தட்டு உள்ளது எல்லாம் அவள், தட்டு இல்லாதது எல்லாம் அப்பா, கல்லைப் பொறுக்கி எறிந்தால் அரிசி மிச்சம், தேவமாதாவே உனக்கு ஒரு மெழுகுதிரி என்று நேர்ந்துகொண்டு ஒன்றை அழித்தாள், ரெண்டாவதை அழித்தாள், உதட்டோரத்தில் பழைய சிரிப்பு மெதுவாகத் தலை நீட்டியது, ஆட்டை மட்டும் விட்டுவிடலாம், ஆடு பிழைத்துப் போகட்டும். அந்தக் கோடியில் காராச்சேவு அம்மா அப்பாவிடம், "உங்களுக்கு என்னண்ணாச்சி பண்ணுது?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, சும்மா ஒரு தலசுத்து, அதுவும்" என்ற அப்பாவின் கை நாற்காலிக் கம்பியில் டக் டக் என்றது, "போன மாசத்தோட போயிருச்சு, பிள்ள தானும் வாரேன்னு" டக் டக் "நின்னுச்சு, சரி வான்னேன்." கம்பி ஒன்றுதானே, அந்தத் தட்டு வரிசை முழுக்க ஓடி வந்து டெல்பினாவின் முதுகெலும்பில் ஏறியது. விரல் மூன்றாவது பதிவின் மேல் நின்றது. தட்டு உள்ளது எல்லாம் அவள். அப்படியென்றால் இப்போது பேசியது யார்? அப்பா பேசினால் தட்டு உண்டு, கதவில் உண்டு, பானையில் உண்டு, இங்கே ஊர் பேர் தெரியாத அம்மாவிடம் பேசினாலும் உண்டு, போனில் மட்டும் ஏன் இல்லை? சும்மா உதட்டை மட்டும் அசைத்து அப்பாவைப் பேசிப் பார்த்தாள், எனக்கு ஒண்ணும் இல்லக்கா சும்மா ஒரு தலசுத்து அதுவும், இங்கே தட்ட வேண்டும், தட்டினாள், தொடையில், மெதுவாக. மறுபடி பேசிப் பார்த்தாள். தட்டுகிற இடத்தில் தன் நெஞ்சு ஒரு மிடறு காற்றை வெடுக்கென்று திருடுவது தெரிந்தது. அதைத் திருடாமல் தட்டிப் பார்த்தாள், வெறும் சத்தம்தான் வந்தது, அப்பா வரவில்லை. திருடிக்கொண்டு தட்டினாள். அப்பா வந்தார். எத்தனை தடவை வகுப்பில் செய்திருப்பாள், எத்தனை பேர் சிரித்திருப்பார்கள், அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள், வாய்க்குத் தெரிந்திருக்கிறது, நெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. முன்பெல்லாம் இப்படித் தட்டுவாரா? சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அதே வண்டியில் போவாள், படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக நின்று, மாதாகோயில் மீன்மார்க்கெட் பீச்ரோடு உப்பளம் ஹார்பர் ஹார்பர் ஹார்பர் என்று ஒரே மூச்சில், நடுவில் ஒரு ஊசி நுழைய இடம் இருக்காது, கூட இருக்கிற பிள்ளைகள் அவர் முடிக்கிறவரை மூச்சைப் பிடித்துப் பார்த்துத் தோற்பார்கள். அதே பட்டியல் இப்போது மாதாகோயில் மீன்மார்க்கெட் டக் டக் பீச்ரோடு. ஸ்டைல் என்று நினைத்தாளே. அப்பா புது ஸ்டைல் பிடித்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளே.

அப்படியென்றால் போனில் பேசுகிறவர், தட்டாமல், தடங்காமல், வெண்ணெய் மாதிரி, நல்லாருக்கேன் டாக்டர், அவர் யார்? குளிக்கிற இடம் ஞாபகத்துக்கு வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அப்பா, தலையில் ஈரத் துண்டு, முழங்காலில் கை, உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்தே இருக்கிறார், குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, எட்டிப் பார்த்த அவள் என்ன பேசலாம் என்று யோசிக்கிறார் போல என்றுதானே நினைத்துவிட்டுப் போனாள், என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது அந்த ரெண்டு வரிக் கஞ்சிக்கு? மூச்சு அடங்கட்டும் என்று இருந்திருக்கிறார். அடங்கியதும் துண்டை எடுத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, எதிரே ஆளே இல்லாத சுவரைப் பார்த்து ஒரு சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு, போனை அழுத்தி, படியில் ஒற்றைக் காலில் நின்ற அந்தப் பழைய இன்னாசியைச் செய்து காட்டியிருக்கிறார், ஒரு பிசிறு இல்லாமல், தினமும், டாக்டருக்கு, முதலாளிக்கு, அம்மாவுக்கு. அவளுக்கும். ஊரையே வாய்க்குள் வைத்திருக்கிற அவள் அந்தக் குரலைக் கேட்டு, இதுதான் அசல் என்று பத்திரப்படுத்திவிட்டு, போர்வைக்குள் தான் தட்டி வைத்ததைக் கல் என்று பொறுக்கி எறிந்துகொண்டிருக்கிறாள். ரெண்டு எறிந்தாயிற்று. மிச்சத்தையும் எறிந்தால் சீட்டு கிடைக்கும், படியில் ஏறுவார், வண்டி திரும்பும்போது ஒரு கை கம்பியில், ஒரு கை தட்டுவதற்கு. தட்டுகிற கைக்குத் தகரம் அகப்படாமல் போனால்? எறியாவிட்டால் வீடு. வீடு என்றால் அம்மாவின் முகம், அடுப்பு, அப்பா வாளியின் மேல் நாள் முழுக்க. சொல்லிவிடலாமா, எப்பா, எனக்குத் தெரியும். எந்தக் குரலில் சொல்வது? வாயைத் தேடினாள், லில்லி இல்லை, பி.டி. சார் இல்லை, தண்ணி லாரி இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள், தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. "அடுத்தூ... இன்னாசீ..." இது அசல் சிஸ்டர். "வாட்டி, நம்ம முறை" என்று அப்பா எழுந்தார், எழுந்த வேகத்தில் ஒரு கணம் நின்றார், நாற்காலியில் டக் டக், புறப்பட்டார். டெல்பினா மூன்றாவது பதிவின் மேலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஒயரைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

"பேசி வச்சீங்களா? சபாஷ்" என்றார்கள் டாக்டரம்மா, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனை மேசைமேல் வைத்து அழுத்தினார்கள், நல்லாருக்கேன் டாக்டர், மறுபடி நல்லாருக்கேன் டாக்டர், அப்பா தன் குரலுக்குத் தானே தலையாட்டினார், டாக்டரம்மாவின் பேனா திறந்து சீட்டுக்கு மேல் வந்துவிட்டது, இப்போது வரும், இப்போது, "படியேறயில, (டக் டக்) கால் மரத்துப் போச்சு டாக்டர்." பேனா நின்றது. "நடுவுல அது என்ன சத்தம்?" திரும்பப் போட்டார்கள். காதைப் போன் பக்கம் சாய்த்துக் கேட்டார்கள். "தட்டும்போது மூச்சு வாங்குதே, கால் மரத்துப் போனதையும் மூச்சு வாங்குறதையும் ஏன் முதல்லயே சொல்லல?" அப்பா முழித்தார். அவள் காலையிலிருந்து காத்திருந்த முழிதான், ஆனால் அதில் பயம் இருந்தது, இப்படி ஒரு நாளும் பேசியதாக ஞாபகம் இல்லையே, உடம்புதான் போகிறது என்றால் புத்தியும் சேர்ந்து போகிறதோ என்று தேடுகிற முழி, "இது எப்ப சொன்னேன், நான் சொல்லலியேம்மா, நான் நல்லாருக்கேன்னு மட்டுந்தான்..." சொல்லு, டெல்பி, சொல்லு, வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது, போன் யாரையும் கேட்காமல் அடுத்ததுக்குப் போய்விட்டது, "நான் கொட்டாவி விட்டா எதிர்வீட்டு ஆடு பதிலுக்குக் கத்துது டாக்டர், ஆட்டுக்கும் சேத்து மாத்திர எழுதுங்க", அப்புறம் அந்தச் சின்ன அறை முழுக்க, மே. டாக்டரம்மாவின் கண்ணாடி மூக்கில் நழுவியது. டெல்பினா அதைப் பார்க்கவில்லை. அப்பா மெதுவாக அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார், முகத்தில் இருந்த பயம் ஒரு ஓரமாக விலகியது, "எட்டி..." என்றார், "எட்டி, நீயா?" அப்புறம் சிரித்தார், வாளியில் உட்கார்ந்து அடக்கித் தயார் செய்யாத சிரிப்பு, யாருக்கும் செய்து காட்டாத சிரிப்பு, தொப்பையிலிருந்து கிளம்பித் தோளைக் குலுக்கி மேலே மேலே ஏறி, பாதிப் படியில், அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை, கை மட்டும் முன்னால் வந்து மேசை விளிம்பைத் தேடியது, டக் என்றது, ரெண்டாவதுக்குத் தூக்கிய மணிக்கட்டை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார்கள், பிடித்தபடியே நாடியில் விரலை வைத்துவிட்டு, சீட்டில் ஒன்றும் எழுதாமலே பேனாவை மூடினார்கள். ஒரு தட்டுதான் விழுந்திருந்தது.